மஸில் பிரேக்: மூன்று சீசன் மாட்டி, நான்காவதில் கழற்றினேன்

என் 300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிளை வாங்கும்போதே குழல் முனையில் மஸில் பிரேக் இருந்தது; சுடும்போது தோளில் விழும் உதையைக் குறைக்க மாட்டுகிற துண்டு அது. கொலராடோ மலைகளில் எல்க் என்கிற பெரிய மான் வேட்டைக்கு மூன்று சீசன் அதோடுதான் போனேன். இப்போது அது டப்பாவில் கிடக்கிறது. குழல் முனையில் திருகு மறையைக் காக்கும் சின்ன மூடி மட்டும்தான்.

உதை குறைகிறதா என்றால், குறைகிறது. அதில் வாதமே இல்லை. குண்டுக்குப் பின்னால் சீறி வரும் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவதுதான் அதன் வேலை. ஆகவே வெடிமருந்து நிறைய எரிகிற தோட்டாவில்தான் பலன் தெரியும். என் மேக்னத்தில் 180 கிரெயின் (எடை அளவு) குண்டைத் தள்ள 70 கிரெயினை ஒட்டி மருந்து போகிறது. அதைவிடச் சின்னத் தோட்டாவான 308 வின்செஸ்டரில் 45க்குப் பக்கம்தான். 308இல் பிரேக் போட்டும் சுட்டுப் பார்த்தேன். பின்கட்டையில் நல்ல ரப்பர் பேட் இருந்தால் அதுவே போதும். உதை இன்னும் குறைவான 6.5 கிரீட்மோர் தோட்டாவுக்கு வேட்டையில் அவசியமே இல்லை. போட்டிகளில் சுடுகிறவர்கள் 6 மில்லிமீட்டர் ரைஃபிளிலும் மாட்டுகிறார்களே என்றால், அது தோள்வலிக்காக இல்லை. குண்டு விழும் இடத்தை ஸ்கோப் நகராமல் பார்க்க வேண்டும், அதற்காக.

விலை, கூடுகிற நீளம், படுத்துச் சுடும்போது கிளம்பும் புழுதி எல்லாம் சமாளிக்கக்கூடியவை. என்னைக் கழற்ற வைத்தது காது.

பிரேக் இல்லாமலே இந்த மாதிரி ரைஃபிளின் வெடிச்சத்தம் 160 டெசிபலைத் தாண்டும். 140க்கு மேல் ஒரே வெடி போதும், காது கெடலாம். பிரேக் அந்தச் சத்தத்தைச் சுடுகிறவன் பக்கமும் பக்கத்தில் இருப்பவன் பக்கமும் திருப்பி அனுப்புகிறது. சுடும் பயிற்சி ரேஞ்சில் காதுக்குள் பிளக், அதன் மேல் மஃப் என்று இரண்டும் போட்டுக்கொள்ளலாம். மலையில் அப்படியா? விடியலிலிருந்து சுள்ளி முறிகிற ஓசைக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நடக்கிறோம். எல்க் திடீரென்று ஆஸ்பன் மரங்களுக்கு நடுவே வந்து நின்றால் பிளக்கைத் தேட யாருக்கு நேரம்?

மூன்றாவது சீசனில் நண்பன் என் வலப்பக்கம், ஓரடி முன்னால், பைனாகுலரோடு படுத்திருந்தான். விசையை இழுத்தேன். எல்க் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் அவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான். “டேய், மொதல்ல அதக் கழட்டு” என்றான், தான் கத்துவது தெரியாமலே. இரண்டு நாள் அவன் காதில் வண்டு ரீங்காரம். தப்பு என்னுடையது, அவனைப் பின்னால் தள்ளிப் படுக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. விசையை இழுக்கும் முன்பே உடம்பு திடுக்கிடுகிற பழக்கம் உதையால் மட்டும் வருவதில்லை, சத்தத்தாலும் வரும். எனக்கு அது பிரேக் இருந்தபோதுதான் அதிகம்.

கழற்றினால் குறி இடம் மாறும், மறக்காதீர்கள். எனக்கு 100 கெஜத்தில் இரண்டு அங்குலம் கீழே இறங்கியது. மறுபடி சீரோ செய்தேன், அதாவது குண்டு குறியில் விழும்படி ஸ்கோப்பைத் திருத்தினேன். புது பேட் போட்டு, கொஞ்சம் கனமான ஸ்கோப்புக்கு மாறியதில் உதை தாங்கும் அளவுக்கு வந்தது. பெஞ்சில் இருபது ரவுண்டு சுடும் நாளில் தோளுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு சின்ன மணல்மூட்டை.

338 லபுவா போன்ற பெரிய தோட்டாக்களுக்கும் இதையே சொல்வேனா? அவற்றில் ஐந்தாறு ரவுண்டுக்கு மேல் நான் சுட்டதில்லை. அந்த ஐந்தாறும் பிரேக்கோடுதான், அதில் சந்தோஷமே.

நண்பன் சப்ரெஸர், அதாவது குழல் முனையில் மாட்டும் சத்தக்குறைப்பான், வாங்கு என்கிறான். உதையும் குறையும், சத்தமும் குறையும். அதற்கு இருந்த 200 டாலர் கூட்டாட்சி வரி 2026 ஜனவரி முதல் இல்லை; கைரேகை, புகைப்படம், பதிவு எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. விண்ணப்பம் போடலாம் என்றிருக்கிறேன். அதுவரை என் பக்கத்தில் படுக்கும் முன் அவன் குழல் முனையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறான்.