11 மாதம், ஒரு பம்ப், நாலு வால்வு

மகளுக்கு ஆறு மாதம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய வாரம் வாங்கியது இந்தத் தாய்ப்பால் பம்ப். போன வாரம்தான் துடைத்துப் பரணில் ஏற்றினேன். வாங்கும் முன் நான் படித்த அனுபவங்கள் எல்லாம் பத்து நாள், இருபது நாள் பயன்படுத்தியவர்கள் எழுதியவை. இருபது நாளைக்கு எந்தப் பம்பும் நல்ல பம்ப்தான்.

பிராண்ட் பெயர் வேண்டாம். ஒரே அச்சில் வார்த்த மாதிரி நாலைந்து கம்பெனிகள் இதையே விற்கின்றன. உள்ளங்கை அளவு மோட்டார், சார்ஜ் ஏற்றும் பேட்டரி, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பால் எடுக்கும். 3,800 ரூபாய்.

முதல் வாரமே ரத்தக் கண்ணீர். பத்து நிமிடம் வைத்தால் காம்பு சிவந்து வீங்கிவிடும். பழகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பழகவில்லை. காரணம் புனல். பெட்டிக்குள் வந்தது 24 மி.மீ. புனல். ஒரு நாள் ஸ்கேலை வைத்துக் காம்பின் குறுக்களவைப் பார்த்தால் 16 மி.மீ.தான் இருந்தது. பெரிய புனலில் காம்போடு சேர்ந்து சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளே இழுபடும். வலிக்காமல் என்ன செய்யும்? 19 மி.மீ. சிலிக்கான் வளையம் ஒன்று தனியாகக் கிடைக்கிறது. அதைப் புனலுக்குள் பொருத்திய அன்றே வலி போய்விட்டது. பெட்டியின் மேல் இதைப் பற்றி ஒரு வரி போட்டிருக்கலாம், பாவிகள்.

அடுத்தது வால்வு. புனலுக்குக் கீழே வாத்தின் அலகு மாதிரி ஒரு சின்ன சிலிக்கான் துண்டு, நுனியில் ஒரு கீறல். மோட்டார் இழுக்கும்போது அந்தக் கீறல் மூடிக்கொள்ளும், விடும்போது திறந்து பாலைக் கீழே இறக்கும். மூன்றாவது மாதம் திடீரென்று பால் குறைந்தது. ஒரு வேளைக்கு 110 மில்லி வந்த இடத்தில் 40. மோட்டார் மட்டும் வழக்கம்போல் உறுமிக்கொண்டிருந்தது.

"பால் வத்திப்போச்சு போலிருக்கேம்மா. மாவுப்பால் கரைச்சுக் குடுத்துடலாமா?" என்றார் அத்தை.

"ரெண்டு நாள் பார்ப்போம் அத்தை" என்றேன். அந்த ரெண்டு நாளும் காலையில் பூண்டுப் பால், மத்தியானம் சுறாப்புட்டு. சுறாப்புட்டு அருமை, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அளவு 40ஐத் தாண்டவில்லை. இத்தனைக்கும் இரவில் மகள் நேரடியாகக் குடிக்கும்போது மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்கிறது, வயிறு நிறைந்து தூங்குகிறாள். அப்படியானால் பால் எங்கே வற்றியது? மூன்றாம் நாள் கழுவும்போது வால்வை வெளிச்சத்தில் பிடித்தேன். கீறல் வாய் பிளந்து நின்றது. நுனியைத் தேய்த்துக் கழுவியதும் நான்தான். புது வால்வு போட்டதும் மறுபடி 100. அதன் பிறகு பாதுகாப்புக்கு ஒன்று பையிலேயே கிடக்கும். மொத்தம் நாலு வால்வு மாற்றினேன். வால்வு தேய்ந்ததை உடம்பின் குறையாக நினைத்துப் பாலூட்டுவதையே விட்ட அம்மாக்கள் எத்தனை பேரோ.

பம்புக்கும் முன்னால் எனக்குக் கிடைத்த உதவி ஒன்று உண்டு. பிரசவம் நடந்த இடத்தில் முதல் ராத்திரியே, சீம்பால் போதாது என்று என்னைக் கேட்காமல் மாவுப்பால் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபோது காம்பில் வெடிப்பு, ஒரு பக்கம் பால் கட்டி. ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போன இடத்தில் ஒரு நர்சம்மா, கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்தார். "தலையைப் புடிச்சு அமுக்காதம்மா. வாயை நல்லாத் தொறக்கட்டும், தாடை மார்புல படட்டும்" என்றார். கொட்டாவி விடுகிற அளவுக்கு வாய் திறந்த நொடியில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவந்தார். நான் அதுவரை காம்பை மட்டும் ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பத்து நிமிட வேலை, காசு கிடையாது. அது நடக்காமல் இருந்திருந்தால் பாலூட்டுவது அப்போதே நின்றிருக்கும், பம்ப் வாங்கும் தேவையே வந்திருக்காது.

அலுவலகத்தில் பால் எடுத்தது பழைய ஃபைல் அறையில். பூட்டு உண்டு, ப்ளக் கிடையாது, பேட்டரிதான் காப்பாற்றியது. முதலில் அஞ்சு வேளை தாங்கிய சார்ஜ் எட்டாம் மாதத்தில் ரெண்டு வேளையாகிவிட்டது. 'எதற்கு அடிக்கடி எழுந்து போகிறீர்கள்' என்ற கேள்விக்கு அப்போது 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம்தான் பதிலாக இருந்தது: குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. 2017 திருத்தம் தந்த 26 வார விடுப்பு எல்லோருக்கும் தெரிகிறது, இது தெரிவதில்லை. அச்செடுத்து மேசையில் வைத்தேன். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம். 2015 ஆகஸ்டில் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் திறந்த பாலூட்டும் அறைகள் தாமதமான நாட்களில் உதவின. ஒரு நிலையத்தில் மட்டும் எப்போதும் பூட்டு; சாவி டீக்கடையில் என்பார்கள், டீக்கடையில் கேட்டால் அலுவலகத்தில் என்பார்கள்.

எடுத்த பால் 25 டிகிரிக்குள் என்றால் வெளியே நாலு மணி நேரம் இருக்கலாம். எங்கள் ஊர் மே மாதத்தில் 25 டிகிரிக்கு எங்கே போவது? உறைந்த ஐஸ் பேக் வைத்த பைதான். வீட்டில் ஃப்ரிட்ஜில் நாலு நாளுக்கு மேல் வைத்ததில்லை. மேலே ஆடை மாதிரி கொழுப்பு மிதந்தால் பால் கெட்டுவிட்டது என்று அத்தை ஒரு தடவை கொட்டிவிட்டார். அன்று நான் பேசவில்லை. வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். பாட்டில் வாங்கவே இல்லை. அத்தை மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையில் புகட்டினார், அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

நாத்தனாருக்கு இது ஏழாம் மாதம். பம்பைக் கேட்டாள். நான் பம்ப் வாங்கிய எட்டாம் மாதம் ஒரு நாள் பால் ட்யூபுக்குள் ஏறி மோட்டார் வரை போய்விட்டது. உள்ளே கழுவ வழியில்லை. இந்த வகைப் பம்ப் ஒருவர் பயன்படுத்துவதற்கு மட்டும்தான். தரமாட்டேன் என்றதும் முகம் சுண்டியது. ஐஸ் பையையும் பாலாடையையும், பிரிக்காத ஒரு வால்வையும் எடுத்துக்கொண்டாள். ஸ்கேல் அவளிடமே இருக்கிறதாம்.