இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ்: காதால் கேட்டு ஒரு மதிப்பீடு

படுக்கையறையை ஒட்டிய சமையலறைக்கு இரட்டைக் கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ (பனியைத் தானே உருக்கிக்கொள்ளும்) இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜைத் தாராளமாக வாங்கலாம். இன்வெர்ட்டர் என்றால் கம்ப்ரசர் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும்; அதனால் பழைய மாடல் போல உதறிக்கொண்டு நிற்காது, மெல்லிய ரீங்காரம்தான். அது நெடுநேரம் ஓயாமல் கேட்டாலும் கோளாறு இல்லை. 'களக் களக்' என்பது ஃப்ரிட்ஜின் குழாயில் ஓடும் குளிர்விக்கும் கேஸ். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல 'சுர்ர்' என்றால், உருகிய பனி, அதை உருக்கும் டிஃப்ராஸ்ட் ஹீட்டரில் சொட்டுகிறது.

கவலைப்பட வேண்டியது ஃப்ரீசரில் வரும் 'கரகர'தான். கதவைத் திறந்தால் நின்று, மூடினால் மறுபடி வந்தால், ஃபேன் இறக்கை பனியில் உரசுகிறது. பிளக்கைப் பிடுங்கி, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, 24 மணி நேரம் கதவைத் திறந்து வையுங்கள். சில நாளில் திரும்பி வந்தால் கதவு ரப்பரையும் ஹீட்டரையும் மெக்கானிக் பார்க்கட்டும். வெறும் அதிர்வு என்றால் முன்கால் திருகையும், பின்னால் தண்ணீர்த் தட்டு ஆடுகிறதா என்பதையும் பாருங்கள்.