லூகர் பி08, வால்தர் பி38: சேகரிப்புக்கு எதை முதலில் வாங்குவது?

பழைய ஜெர்மன் ராணுவ பிஸ்டல் என்று பேச ஆரம்பித்தால் கடைசியில் இந்த இரண்டில்தான் வந்து நிற்கும். 1908-ல் ஜெர்மன் தரைப்படை ஏற்றுக்கொண்டது லூகர். செய்வதற்கு வேலையும் செலவும் அதிகம் என்பதால் 1938-ல் அதன் இடத்துக்கு வால்தர் பி38 வந்தது. இரண்டும் 9 மி.மீ. இந்தியாவில் அது தடைசெய்யப்பட்ட அளவு. ஆகவே இது அமெரிக்கா போன்ற நாடுகளில் உரிமத்தோடும் சட்டப்படியும் வாங்கக்கூடியவர்களுக்கான பேச்சு.

அழகில் லூகருக்குப் போட்டியே இல்லை. ஆனால் அடையாளம் காண்பதில் அது புதியவரைச் சுற்றவிடும். டாக்கிளின் (சுடும்போது மேல்நோக்கி மடங்கும் மூட்டுப் பகுதி) மேல் ‘42’ என்று இருந்தால் 1942-ல் செய்தது என்று நினைத்துக்கொள்வார்கள். அது ஆண்டல்ல, மவுசர் தொழிற்சாலையின் குறியீடு. ஆண்டு சேம்பரின் (தோட்டா உட்காரும் அறை) மேல் இருக்கும். அதிலும் ஒரு சிக்கல்: சிலவற்றில் 1917, 1920 என இரண்டு ஆண்டுகள் தெரியும். 1917 தயாரிப்பு ஆண்டு. 1920 என்பது முதல் உலகப்போர் முடிந்தபின் வந்த ஜெர்மன் அரசு (வைமார் அரசு) ‘இது அரசுச் சொத்து’ என்று அடித்த முத்திரை.

விலையைத் தீர்மானிப்பது எண்கள். ஃபிரேமிலும் (பிடியோடு சேர்ந்த உடல்பகுதி) பேரலிலும் (குழல்) முழு சீரியல் எண் இருக்கும். டிரிகர், பக்கத்தட்டு போன்ற சின்ன உதிரிகளில் அதன் கடைசி இரண்டு இலக்கம். எல்லாம் ஒத்துப்போனால் ஒரு விலை. ஒரே ஓர் உதிரி மாறியிருந்தாலும் விலை நன்றாகவே இறங்கும். மேகசினின் (தோட்டாக்களை அடுக்கும் கூடு) அடியிலும் அதே எண் இருந்தால் யோகம்தான். பிறகு ஃபினிஷ்: 1937 வாக்கு வரை சின்ன உதிரிகள் வைக்கோல் நிறத்தில் இருந்தன. அதற்கு முந்தைய பிஸ்டலில் அவையெல்லாம் கருநீலமாகப் பளபளத்தால் பிற்காலத்தில் யாரோ மறுபடி நிறம் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். புதிதுபோல் மின்னுகிறதே என்று கூடுதலாகக் கொடுத்துவிடாதீர்கள். சேகரிப்பாளர்கள் அதற்குக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். விமானப்படைக்காக கிரீகாஃப் நிறுவனம் செய்த லூகர்களுக்கு விலை மிக அதிகம், அதனாலேயே போலிகளும் அதிகம்.

பி38-ல் இவ்வளவு தலைவலி இல்லை. ஸ்லைடின் (சுடும்போது பின்னால் நகரும் மேல்பகுதி) இடப்பக்கம் உள்ள தயாரிப்பாளர் குறியீட்டைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. ‘ஏசி’ என்றால் வால்தர், ‘பிஒய்எஃப்’ என்றால் மவுசர், ‘சிஒய்க்யூ’ என்றால் ஸ்ப்ரீவெர்க். முதல் இரண்டிலும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் உண்டு; ஸ்ப்ரீவெர்க்கில் கிடையாது. ஸ்லைடு, ஃபிரேம், பேரல் மூன்றிலும் எண் ஒத்திருக்கிறதா என்று பார்க்கவும். 1944 வாக்கில் செய்தவற்றில் எந்திரம் கீறிய கோடுகள் அப்படியே தெரியும். அது குறையல்ல, அசல் என்பதற்கு ஆதரவான அடையாளம். அரிதானது வேண்டுமென்றால், சீரியல் எண் பூஜ்யத்தில் தொடங்கும் ஆரம்பகால வால்தரைத் தேட வேண்டும். விலை லூகரையே மிஞ்சலாம்.

சோவியத் படை கைப்பற்றியவை இரண்டிலும் வரும்: அடர்கறுப்புப் பூச்சு, சில சமயம் ‘எக்ஸ்’ முத்திரை, பொருந்துவதற்காகப் பிற்பாடு போட்ட எண்கள். மலிவாகக் கிடைக்கும், சுட்டுப் பழக நல்லது, முதலீட்டுக்கு ஆகாது.

என்னைக் கேட்டால் முதல் பிஸ்டல் பி38-தான். அதே நிலையில் உள்ள லூகரைவிடப் பெரும்பாலும் மலிவு. தவறினாலும் இழப்பு சிறியது. கையில் ஒரு காந்தம் மட்டும் இருக்கட்டும். ஃபிரேமில் ஒட்டவில்லையா? அது அலுமினியம், போருக்குப் பிந்தையது; பெரும்பாலும் மேற்கு ஜெர்மன் ராணுவத்துக்காகச் செய்த பி1 வகை. போர்க்கால விலை கேட்டால் வாங்காமல் வந்துவிடுங்கள்.