கோல்ஃப் பயிற்சி அட்டவணை: சில வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

சென்னையில் வேலைக்கும் போய்க்கொண்டு கோல்ஃப் பயிற்சியை விடாமல் செய்ய நான் வைத்திருக்கும் ஏற்பாடு இது: செவ்வாயும் வியாழனும் விடிகாலையில் ரேஞ்ச் (பந்தடித்துப் பழகும் திடல்), ஞாயிறு நந்தனம் கோல்ஃப் மைதானத்தில் ஒரு ரவுண்டு, ராத்திரி சாப்பிட்ட பிறகு வீட்டில் பத்து நிமிடம் புட்டிங், அதாவது பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் போடும் பயிற்சி. சில வருடமாக ஓடுகிறது. இதில் எது நின்றது, எது உதிர்ந்தது, எதற்குக் கொடுத்த காசு தண்டம் என்று சொல்கிறேன்.

முதலில் ரேஞ்ச். கூடை நிறையப் பந்து வாங்கி, தூரமாக அடிக்கும் பெரிய கிளப்பான டிரைவரால் விளாசுவது சுகமான வேலை. வியர்வை கொட்டும், ஸ்கோர் மட்டும் இறங்காது (கோல்ஃபில் அடி குறைந்தால்தான் நல்லது). ஒரே கிளப்பில் ஒரே பக்கம் அடித்துக்கொண்டே இருந்தால் பத்தாவது பந்து எப்படியும் அழகாகத்தான் போகும். மைதானத்தில் அந்தப் பத்தாவது பந்துக்கு யார் விடுவார்கள்? 1979-ல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் கையால் தடுப்புகளைத் தட்டிவிடும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சி நேரத்தில் வேகமாக இருந்தார்கள். கலந்து கலந்து செய்தவர்கள், கொஞ்ச நாள் கழித்துச் சோதித்தபோது முந்திவிட்டார்கள். கோல்ஃபுக்கும் இது அப்படியே பொருந்துவதாகத்தான் என் அனுபவம்.

அதனால் என் கணக்கு ஐம்பது பந்து, ஒரு மணி நேரம். முதல் பதினைந்து, கிட்டத்து ஷாட்டுக்கான கிளப்பான வெட்ஜில், உடம்பு சூடேற. அடுத்த பதினைந்து, அந்த வாரம் திருத்த வேண்டிய ஒரே ஒரு குறைக்கு. மீதி இருபதில் நந்தனம் கோர்ஸையே மனசுக்குள் ஆடுவேன்: டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) டிரைவர், அது போன திசையைப் பார்த்து அடுத்து ஆறு அயர்னா எட்டு அயர்னா (எண் கூடக் கூடத் தூரம் குறையும் கிளப்புகள்) என்று முடிவு, பிறகு ஒரு சிப், அதாவது குழிக்குக் கிட்டே பந்தைச் சின்னதாகத் தூக்கிப் போடுவது. ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் போய் நின்று இலக்கைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். பக்கத்துத் தடுப்பில் அடிப்பவர் இரண்டாவது கூடையைக் காலி செய்துகொண்டிருப்பார், கண்டுகொள்ளக் கூடாது.

ரேஞ்சில் விரித்திருக்கும் செயற்கைப் புல் பாயை மட்டும் நம்பாதீர்கள். நிஜப் புல்லில் கிளப் பந்தைத் தொடும் முன்பே மண்ணைக் கொத்தினால் பந்து பாதி தூரத்தில் விழும். பாயில் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தூக்கிவிடும், நாமும் நல்ல ஷாட் என்று நினைத்துக்கொள்வோம். பந்துக்கு நாலைந்து அங்குலம் பின்னால் ஒரு கைத்துண்டை மடித்து வைத்தால் கிளப் அதில் இடித்துக் குட்டு உடைந்துவிடும். கிளப் முகத்தில் கொஞ்சம் பவுடர் தடவிக்கொண்டால் பந்து பட்ட இடம் அச்சாகத் தெரியும். எனக்கு எப்போதும் கிளப்பின் குதிகால் பக்கம், அதாவது தண்டு சேரும் ஓரத்தில்தான் படும். இந்த இரண்டுக்கும் செலவு ஒன்றுமில்லை. கடையில் வாங்கிய ஸ்விங் உபகரணங்களில், திசை பார்க்கத் தரையில் வைக்கும் அலைன்மென்ட் குச்சிகள் மட்டும்தான் இன்னும் பையில் இருக்கின்றன.

வீட்டுப் புட்டிங்குக்கு என் ஹால் தரையே போதும். இரண்டடி டைல்ஸ், இணைப்புக் கோடு நேராக ஓடுகிறது. புட்டர் அந்தக் கோட்டை விட்டு எங்கே விலகுகிறது என்று கண்ணெதிரே தெரியும். நாலு டைல்ஸ் என்றால் எட்டடி. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களே அந்தத் தூரத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் போடுகிறார்கள். ஆகவே எட்டடியில் தவறியதற்கு நான் வருத்தப்படுவதில்லை. ஒன்றரை டைல்ஸ், அதாவது மூன்றடியில் தவறக் கூடாது. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்து 42.67. மூன்றடியில் கோடு சரியாக இருந்தால் போதும், மற்றதைக் குழியே பார்த்துக்கொள்ளும்.

வேகம் மட்டும் வீட்டில் வராது. கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், பெர்முடா வகைப் புல் சாய்ந்திருக்கும் பக்கத்தைப் பொறுத்துப் பந்து ஓடும், இல்லையென்றால் நின்றுவிடும். அதற்கு, மைதானத்தில் பையைத் தூக்கி வரும் கேடி அண்ணன்தான் வாத்தியார். "க்ரெயின் உங்க பக்கம் வருது சார், நல்லா தட்டுங்க" என்பார். க்ரெயின் என்றால் புல் சாய்ந்திருக்கும் திசை. புல் பளபளவென்று தெரிந்தால் அது குழியை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பந்து ஓடும். கருத்துத் தெரிந்தால் எதிர்ப்பக்கம். ஞாயிறு அரை மணி முன்னால் போய் முப்பதடி, நாற்பதடி புட்டாகப் போட்டுப் பழகுவது இதற்காகத்தான்.

இந்த அட்டவணையில் உண்மையிலேயே வேலை செய்வது சட்டைப்பையில் இருக்கும் சின்ன நோட்டு. ஒவ்வொரு ரவுண்டிலும் மூன்றே விஷயம் குறிப்பேன்: டீயிலிருந்து அடித்ததில் வாங்கிய பெனால்டி (கூடுதலாகச் சேரும் தண்டனை அடி), குழியில் போட மூன்று புட் ஆன கிரீன், கிரீனுக்கே போய்ச் சேராத சிப். எது அதிகமோ அதுதான் அடுத்த இரண்டு வாரம் நடுப் பதினைந்து பந்துக்கான பாடம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்க் பிராடி டூர் ஆட்டக்காரர்களின் ஷாட் விவரங்களை அலசி, ஆட்டக்காரர்களுக்கு இடையிலான வித்தியாசத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தூர ஷாட்டுகளால் வருகிறது, புட்டிங்கால் 15 சதவீதம் போலத்தான் என்று காட்டினார். என் நோட்டும் பெரும்பாலும் டீ ஷாட் பக்கம்தான் கைகாட்டுகிறது. தினசரிப் பயிற்சியாகப் புட்டிங் இருப்பதற்கு ஒரே காரணம், அதை ஹாலில் செய்யலாம் என்பதுதான்.

பலன் சட்டென்று தெரியாது. ஹேண்டிகேப், அதாவது ஆட்டக்காரரின் திறனைக் காட்டும் எண் (குறைந்தால் நல்லது), என்பது கடைசி இருபது ஸ்கோரில் சிறந்த எட்டின் சராசரியை வைத்துப் போடுவது. வாரம் ஒரு ரவுண்டு ஆடுகிறவருக்கு அது ஆடி அசைந்துதான் இறங்கும். மாதாமாதம் பார்த்துப் புலம்புவதைவிட நோட்டில் மூன்று புட் குறைகிறதா என்று பாருங்கள்.

சித்திரை வெயிலில் ஏழரைக்கே கையுறை நனைந்து கிரிப் வழுக்கும். இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போட வேண்டும், பந்தை முப்பதாகக் குறைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரேஞ்ச் வாரக்கணக்கில் போய்விடும். அப்போது மொட்டை மாடியில் பந்தில்லாமல் மெதுவாக அரை ஸ்விங், கீழே வந்து டைல்ஸ். கோச்சிடம் போவதையும் மழை விட்ட மறுவாரத்துக்கே வைத்துக்கொள்கிறேன், இடைவெளியில் ஒட்டிக்கொண்ட கோணல்களை அவர் அப்போதே பிடித்துவிடுவார்.