பிரேமனா, மிக்கெல்ஷ்டாட்டா? இரண்டு ஜெர்மன் நகர மன்றங்கள்

பிரேமன் நகர மன்றம் 1405-1410இல் எழுந்த செங்கல் கட்டடம். இருநூறு ஆண்டு கழித்து கட்டடக் கலைஞர் லூடர் ஃபான் பெந்தெய்ம் அதற்குச் சிற்பங்கள் செறிந்த மணற்கல் முகப்பு வைத்தார். 1612இல் வேலை முடிந்தது. உடல் கோதிக் என்னும் இடைக்கால ஐரோப்பியப் பாணி, முகம் அதற்குப் பின் வந்த மறுமலர்ச்சிப் பாணி. 2004 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இருக்கிறது.

மிக்கெல்ஷ்டாட் மன்றம் 1484இல் மரச்சட்டத்தால் கட்டியது. கீழ்த்தளம் திறந்த சந்தைக்கூடம். கட்டுமானம் கற்க வருபவர்கள் முதலில் இங்கேதான் வரவேண்டும். சட்டமும் மூட்டும் கண்ணெதிரே தெரியும்.

இரண்டிலும் மேல்தளத்தைத் தாங்குவது ஓக் தூண்கள்தான். பிரேமனில் அவை நான்கு சுவர்களுக்குள், கூடத்தில் நனையாமல் நிற்கின்றன. மிக்கெல்ஷ்டாட்டில் சாரல் அடிக்கும். மரத்தின் அறுத்த முனை நீரை உறிஞ்சும், அடிப்பகுதிதான் முதலில் உளுத்துப்போகும். இத்தகைய தூண்களைக் கல் பீடத்தின்மேல் நிறுத்துவது அதனால்தான்.