ரைசன் 5 7600 வாங்கி ஒன்றே கால் வருடம்: அடுத்து வரும் பிராசசருக்குக் காத்திருக்கலாமா?

அக்கா பையன் கோவையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். போன வாரம் போன் பண்ணி, "மாமா, ஜென் 6 வரப்போகுதாம், இன்டெல்லும் நோவா லேக் விடப்போறாங்களாம், இப்போ பிசி போடட்டுமா, வெயிட் பண்ணட்டுமா?" என்று கேட்டான். ஜென் 6 என்பது ஏஎம்டி கம்பெனியின் அடுத்த தலைமுறை பிராசசர், நோவா லேக் இன்டெல்லுடையது. 2024-ல் நானும் இதே கேள்வியோடு ஐந்து மாதம் அலைந்தேன். அந்த ஐந்து மாதமும் வீண் என்றுதான் இன்று சொல்வேன். அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக, நான் கடைசியில் வாங்கிய ஏஎம்டி ரைசன் 5 7600 பிராசசர் பற்றியும் சேர்த்து எழுதுகிறேன்.

என்னிடம் இருந்தது 2014-ல் வாங்கிய இன்டெல் ஐ5 4460 பிராசசர், டிடிஆர்3 ராம் 8 ஜிபி. கல்யாண வீடியோ எடிட்டிங் எனக்குப் பக்க வருமானம். 2024 ஜூனில் ஏஎம்டி தைப்பேயில் ரைசன் 9000 வரிசையை அறிவித்தது, முந்தைய தலைமுறையைவிட ஒரு கிளாக் துடிப்புக்குச் சராசரியாக 16 சதவீதம் அதிக வேலை செய்யும் என்றது. சரி, இத்தனை வருடம் ஓட்டியாயிற்று, இன்னும் ஒரு மாதம்தானே என்று நிறுத்தி வைத்தேன். ஜூலை 31-ல் வர வேண்டியது தள்ளிப்போய், 9600எக்ஸ், 9700எக்ஸ் இரண்டும் ஆகஸ்ட் 8-ல் வந்தன. சோதித்துப் பார்த்தவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: மின்சாரம் குறைவு, சில கனமான வேலைகளில் நல்ல முன்னேற்றம், ஆனால் கேம்களில் முந்தைய 7000 வரிசையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். விலையோ அதிகம். சரி, அக்டோபரில் இன்டெல்லின் கோர் அல்ட்ரா வரட்டும் என்று மறுபடி காத்தேன். அது அக்டோபர் 24-ல் வந்தது. மின்சாரம் நன்றாகவே குறைந்திருந்தது, ஆனால் பல கேம்களில் அதன் உச்ச மாடலான 285கே, முந்தைய தலைமுறை அண்ணனான 14900கே-வையே தாண்டவில்லை. அதற்குப் புது சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்), அதாவது புது மதர்போர்டும் வாங்க வேண்டும்.

இதற்குள் ஆனி, ஆவணி முகூர்த்தங்கள் எல்லாம் அந்தப் பழைய மெஷினிலேயே போய்விட்டன. நாற்பது நிமிட வீடியோவைக் கலர் திருத்தி வெளியே எடுக்க மூன்றரை மணி நேரம், நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. காத்திருப்பதற்கு விலை கிடையாது என்று நினைப்பவர்கள் இதைத்தான் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேம்தான் முக்கியம் என்பவர்களுக்கு மட்டும் அந்த வருடம் காத்திருந்ததில் பலன் இருந்தது. நவம்பர் 7-ல் வந்த ஏஎம்டியின் கேம் சிப் 9800எக்ஸ்3டி உண்மையிலேயே நல்ல சிப். கூடுதல் கேஷ் நினைவகத்தை (சிப்பிலேயே இருக்கும் வேகமான நினைவகம்) கோர்களுக்கு மேலே அடுக்காமல் கீழே வைத்துவிட்டார்கள், சூடு நேராக மேலே வெளியேறுகிறது, அதனால் இதற்கு முந்தைய 7800எக்ஸ்3டி 5.0 கிகாஹெர்ட்ஸில் நின்ற இடத்தில் இது 5.2 வரை போகிறது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். வந்த புதிதில் சரக்கே கிடைக்கவில்லை. அதோடு, 2024 நடுவில் நல்ல விலைக்கு இறங்கியிருந்த 7800எக்ஸ்3டி, புதியது வரும் முன்பே கையிருப்பு குறைந்து விலை ஏறிவிட்டது. புதுசு வந்தால் பழசு மலியும் என்று கணக்குப் போட்டவர்கள் பாவம், இரண்டும் இல்லாமல் நின்றார்கள்.

நவம்பர் கடைசியில் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் 7600, அதற்கு ஏற்ற ஒரு பி650 மதர்போர்டு, 16 ஜிபி இரண்டாக 32 ஜிபி ராம் வாங்கினேன். பிராசசர் சுமார் 18,000 ரூபாய் ஆனது. 6 கோர், 12 திரெட், 65 வாட், பெட்டியிலேயே கூலர், உள்ளேயே ஒரு சின்ன கிராபிக்ஸ். அதே நாற்பது நிமிட வீடியோ இப்போது ஐம்பது நிமிடத்துக்குள் முடிகிறது. எனக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான், இதை ஜூனிலேயே வாங்கியிருக்கலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை பவர் போட்டதும் நான்கைந்து நிமிடம் திரை கறுப்பாகவே இருந்தது, போர்டில் ராம் பக்கத்து விளக்கு மட்டும் எரிந்தது. ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து பவரைப் பிடுங்கினேன். அப்படிச் செய்யாதீர்கள். ஏஎம்5 (7600 உட்காரும் சாக்கெட்) போர்டுகள் முதல் தடவை ராமின் வேகத்தைச் சரிபார்த்துக்கொள்ள இவ்வளவு நேரம் எடுக்கும், பொறுமையாக விட்டால் தானே வந்துவிடும். அப்புறம் பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்போ என்ற ராம் வேக அமைப்பை ஆன் செய்தால்தான் ராம் அதன் பெட்டியில் போட்டிருக்கும் 6000 வேகத்தில் ஓடும், நிறையப் பேர் இதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். ராமை இரண்டு குச்சியாகவே வாங்குங்கள், நான்கு போட்டால் ஏஎம்டி சொல்லும் வேகமே 3600-க்கு இறங்கிவிடும். கூட வரும் கூலர் நம் ஊர் மே மாதத்துக்குப் போதாது: ஏசி இல்லாத அறையில் மதிய நேரத்தில் ரெண்டர் போட்டால் 90 டிகிரியைத் தொட்டது. இரண்டாயிரம் ரூபாயில் ஒரு டவர் கூலர் மாட்டியதும் எழுபதுகளில் நிற்கிறது.

இன்னொன்று, வீடியோக்காரர்களுக்கு இது முக்கியம். புதிய கேமராக்கள் தரும் 10 பிட் 4:2:2 எச்265 கோப்புகளை (நிற விவரம் அதிகமுள்ள, சுருக்கப்பட்ட வீடியோ) 7600-ல் உள்ள கிராபிக்ஸ் நேரடியாகப் பிரித்துக் கொடுக்காது, டைம்லைன் திக்கித் திக்கித்தான் ஓடும். இன்டெல்லின் உள் கிராபிக்ஸ் 11-ஆம் தலைமுறையிலிருந்தே அதைச் செய்கிறது. என் கேமரா 8 பிட் என்பதால் எனக்குத் தொந்தரவு இல்லை. உங்கள் வேலை முழுக்க அந்த வகைக் கோப்பு என்றால் இந்த விஷயத்தில் நான் இன்டெல் பக்கம்தான் கைகாட்டுவேன்.

சரி, வரப்போகும் பிராசசர்கள். நோவா லேக் 2026 கடைசியில் என்று இன்டெல்லே சொல்லியிருக்கிறது. ஜென் 6-க்கு 2 நானோமீட்டர் தயாரிப்பு முறை என்பதை ஏஎம்டி உறுதி செய்திருக்கிறது. இரண்டும் நல்ல பாய்ச்சலாக இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அறிவிப்பு வேறு, கடையில் கிடைப்பது வேறு, நம் விலைக்குக் கிடைப்பது வேறு. வந்த அன்றே வாங்கவும் நான் சொல்ல மாட்டேன். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை சிப்களில் வோல்டேஜ் கூடிப்போய் நிலையிழந்த கதையை நினைத்துப் பாருங்கள். 2022-ல் வந்த சிப்புக்கு மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) திருத்தம் 2024 ஆகஸ்டில்தான் வந்தது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள்.

இதற்கெல்லாம் மேலே இப்போது ராம் விலை. 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்களுக்கே நினைவக சிப்கள் போகின்றன, நினைவகம் தயாரிக்கும் மைக்ரான், நம்மைப் போன்றவர்களுக்கு ராம் விற்கும் தன் குரூஷியல் வியாபாரத்தையே மூடுவதாக டிசம்பரில் அறிவித்துவிட்டது. நான் வாங்கிய அதே 32 ஜிபி ராமுக்கு இப்போது கடையில் மூன்று மடங்குக்கு மேல் கேட்கிறார்கள். எழுதிக் கொடுத்த கொட்டேஷனைக்கூட மறுநாள் ஒத்துக்கொள்ளவில்லை ஒரு கடையில். எந்தப் பிராசசருக்காகக் காத்திருந்தாலும் அதோடு ராமும் வாங்கியாக வேண்டும், அதன் விலை எப்போது இறங்கும் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை.

அதனால் அக்கா பையனிடம் சொன்னது இது. கையில் இருக்கும் மெஷினில் படிப்பு நடக்கிறது, கேம் மட்டும்தான் குறை என்றால் இரு, அவசரமில்லை. மெஷின் வேலையைக் கெடுக்கிறது என்றால் இப்போதே ஏஎம்5 போர்டு ஒன்றை வாங்கிவிடு, பிராசசரை மட்டும் சின்னதாகப் போடு, 7600 போதும், போர்டில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே. ஏஎம்டி 2027 வரைக்குமாவது இந்த சாக்கெட்டை ஆதரிப்பதாகச் சொல்லியிருக்கிறது. முந்தைய ஏஎம்4-லும் 2017 போர்டில் 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி-யைப் பயாஸ் மாற்றி மாட்டி ஓட்டினார்கள். பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டாகப் பார்த்து எடு, பின்னால் புது சிப் போடும்போது பழைய சிப் இல்லாமலேயே பென் டிரைவில் பயாஸை ஏற்றிக்கொள்ளலாம்.

அவனுடைய லேப்டாப்பில் சர்க்யூட் சிமுலேஷன் போட்டால் அரை மணி நேரம் தொங்குகிறதாம். ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு வருகிறான், இருவரும் சேர்ந்து போர்டு பார்க்கப் போகிறோம்.