மெயின் ஸ்ட்ரீட் ப்ரோக்ராம்: ட்ரைனிங்குக்கு முழு மார்க், கிராண்டுக்கு கொஞ்சம் பொறுமை வேணும்

அமெரிக்கால சின்ன ஊர்ல கடை வச்சிருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேரு என்கிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணு தான், டவுன்டவுன்ல, அதாவது ஊரு நடுக் கடைத்தெருவுல, கடை போட்டா கிராண்ட்னு திருப்பிக் கட்ட வேண்டாத உதவிப் பணம் தர்றாங்களாமே, நமக்கு கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போன்ல சொல்லி முடியல, அதான் மொத்தமா எழுதிடறேன்.

நாங்க இருக்கறது மிட்வெஸ்ட்ல ஒரு சின்ன ஊரு, மிஞ்சிப்போனா எட்டாயிரம் பேரு. துணி ஆல்டரேஷன் கடை வச்சிருக்கேன், நூறு வருஷத்துக்கு மேல ஆன செங்கல் கட்டடம், கீழ கடை மேல ரெண்டு ரூம், நானும் வீட்டுக்காரரும் சேந்து வாங்கினோம். வாங்கினப்போ தெருவுல பாதிக்கு மேல கடை மூடிக் கிடந்துச்சு. இந்த மாதிரி பழைய கடைத்தெருவுக்குத் திரும்ப உயிர் குடுக்கறதுக்குன்னு இருக்கற திட்டம் தான் மெயின் ஸ்ட்ரீட் ப்ரோக்ராம், மூணு வருஷமா எங்க ஊரு ப்ரோக்ராம்ல டிசைன் கமிட்டில இருக்கேன், கிராண்டும் வாங்கியிருக்கேன், வாங்க முடியாம ஏமாந்தும் இருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் தெரியும்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். ஹைவேயும் மாலும் வந்தப்புறம் இந்த நாட்டுல சின்ன ஊரு கடைத்தெரு எல்லாம் காலியாச்சு. பழைய கட்டடங்களைக் காப்பாத்தறதுக்குன்னு இருக்கற நேஷனல் ட்ரஸ்ட் 1977ல இந்தத் தெருக்களைத் திரும்ப எழுப்ப முடியுமான்னு மூணு ஊரை எடுத்து சோதனை பண்ணிப் பாத்தாங்க, இல்லினாய்ஸ்ல கேல்ஸ்பர்க், இண்டியானால மேடிசன், சவுத் டகோட்டால ஹாட் ஸ்ப்ரிங்ஸ். ஒவ்வொரு ஊருக்கும் அந்தத் தெருவைப் பாத்துக்கறதுக்குன்னே ஒரு மேனேஜரைப் போட்டாங்க, இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருவேன். அது நல்லா வந்ததால 1980ல நேஷனல் மெயின் ஸ்ட்ரீட் சென்டர்னு ஆரம்பிச்சாங்க, அது தான் இப்போ மெயின் ஸ்ட்ரீட் அமெரிக்கா. நிறைய மாநிலத்துல இதுக்குன்னு ஒரு ஆபீஸ் இருக்கும், நம்ம ஊருக்கு ட்ரைனிங் குடுக்கறது, வந்து பாக்கறது எல்லாம் பெரும்பாலும் அவங்க தான்.

முதல்ல ட்ரைனிங். உண்மையைச் சொல்றேன், நான் போனது கிராண்டுக்காக, ட்ரைனிங் கட்டாயம்னு சொன்னதால உக்காந்தேன். நாலு விஷயம் சொல்லித் தர்றாங்க: ஆளுங்களை ஒண்ணு சேக்கறது, கடைத்தெருவை வெளில தெரிய வைக்கறது, டிசைன், அப்புறம் வியாபாரம். இந்த நாலையும் ஒரே நேரத்துல இழுக்கணும், ஒண்ணை மட்டும் இழுத்தா வண்டி நகராதுங்கறது அவங்க அடிப்படை. முதல் நாள் மத்தியானம் கிளாஸை விட்டு எழுப்பி எங்க தெருவுக்கே கூட்டிட்டுப் போனாங்க, கையில ஒரு பேப்பர், ஒவ்வொரு கதவா நின்னு எழுதணும், கடை திறந்திருக்கா, உள்ள என்ன விக்கறாங்கன்னு வெளிய இருந்து தெரியுதா, மாடி ஜன்னல் பலகை அடிச்சிருக்கா, ராத்திரி லைட் எரியுமான்னு. தினமும் நடக்கற தெரு தான், ஆனா அன்னிக்குத் தான் மாடி எல்லாம் காலியா இருக்குன்னு கண்ணுல பட்டுச்சு, என் கடை போர்டு எதிர் பக்கத்துல இருந்து படிக்கவே முடியலன்னும் அன்னிக்குத் தான் தெரிஞ்சுது. அடுத்த வாரமே போர்டை மாத்தினேன். அதுக்கு எந்த கிராண்டும் தேவைப்படல.

டிசைன் பத்தி கொஞ்சம் விரிவா எழுதணும், ஏன்னா காசு வீணாப் போற இடம் அது தான். எங்க கட்டடத்து முகப்புல அலுமினியத் தகடு போட்டு மூடியிருந்தாங்க, 50கள் 60கள்ல மால் மாதிரி தெரியணும்னு நிறைய ஊர்ல இப்படி மூடினது. மொத்தத்தையும் பிச்சு எடுக்கலாம்னு நாங்க கிளம்பினப்போ மாநில ஆபீஸ்ல இருந்து வந்த ஆர்க்கிடெக்ட் அம்மா நிறுத்திட்டாங்க, ஒரு ஓரத்துல சின்னதா திறந்து பாருங்க, உள்ள செங்கல் எப்படி இருக்கு, தகடு மாட்டின இரும்பு எங்க எல்லாம் இறங்கியிருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கையை வைங்கன்னு. அப்புறம் காரை விஷயம். பழைய செங்கல் மென்மையானது, அதுக்கு இடைல இருந்தது சுண்ணாம்புக் காரை, அதுவும் மென்மை. கான்ட்ராக்டர் வந்தா சாதா சிமெண்டை வச்சுப் பூசிட்டுப் போவாரு, சிமெண்ட் செங்கலை விட கெட்டி, ஈரம் வெளிய வர வழி இல்லாம, குளிர்ல உறைஞ்சு, சில வருஷத்துல செங்கல் முகமே பொருக்கு பொருக்கா உதிரும். மணல் அடிச்சு சுத்தம் பண்றதும் அப்படித்தான், செங்கலோட மேல் தோலே போயிடும், திரும்ப வராது. இதெல்லாம் நேஷனல் பார்க் சர்வீஸ்ங்கற மத்திய அரசு அமைப்பு ப்ரிசர்வேஷன் ப்ரீஃப்ஸ்னு நம்பர் போட்டு இலவசமா வெளியிட்டிருக்காங்க, 2ம் நம்பர் காரைக்கு, 6 மணல் அடிக்கறதோட ஆபத்துக்கு, 11 கடை முகப்புக்கு. கான்ட்ராக்டர் கிட்ட பேசறதுக்கு முன்னாடி இந்த மூணையும் படிங்க. அந்த அம்மா எங்க கட்டடத்துக்கு முகப்பு எப்படி வரும்னு படமும் போட்டுக் குடுத்தாங்க, காசு வாங்கல. வெளிய ஆர்க்கிடெக்ட் வச்சு அதே படம் வாங்கியிருந்தா எனக்குக் கட்டுப்படியாகியிருக்காது.

இப்போ கிராண்ட். இங்க தான் எல்லாரும் தப்பா நினைச்சுட்டு வர்றாங்க, செக் வரும், வேலை பண்ணலாம்னு. பெரும்பாலும் அப்படி இல்லைங்க. நீங்க முதல்ல செலவு பண்ணணும், பில்லு, பணம் கட்டின ஆதாரம், முன்னாடி போட்டோ, பின்னாடி போட்டோ எல்லாம் குடுத்தா அப்புறம் தான் திருப்பித் தருவாங்க. பாதிக்குப் பாதி நம்ம காசும் போடணும். எனக்கு முகப்புக்கு 5,000 டாலர் சாங்ஷன் ஆச்சு, அப்போ பத்தாயிரத்துக்கு வேலை காட்டணும், அந்தப் பத்தாயிரமும் முதல்ல நம்ம கையில இருந்து தான். வேலை முடிஞ்சு நாலு மாசம் கழிச்சுத் தான் பணம் வந்துச்சு, அந்த நாலு மாசமும் கிரெடிட் கார்டு வட்டி கட்டினேன், எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா உள்ளூர் பேங்க்ல சாங்ஷன் லெட்டரைக் காட்டி சின்னதா ஒரு லோன் கேட்டிருப்பேன். நீங்க அதைப் பண்ணுங்க.

இன்னொண்ணு, சாங்ஷன் லெட்டர் கைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு ஆணி கூட அடிக்காதீங்க. பக்கத்து கடைப் பெரியவரு, எழுபது வயசு, குளிர் ஆரம்பிக்குதுன்னு கதவை மட்டும் மாத்திட்டாரு, லெட்டர் வந்தது ஒன்பது நாள் கழிச்சு. அந்தக் கதவுக்கு ஒரு காசு கிடைக்கல, நாங்க எல்லாரும் போய் பேசிப் பாத்தும் விதி விதி தான்னுட்டாங்க. மனுஷன் அதுக்கப்புறம் எந்த மீட்டிங்குக்கும் வரல. எனக்கு இன்னிக்கும் அது வருத்தம் தான், ஏன்னா இந்த விதியை கிராண்ட் பேப்பர்ல முதல் பக்கத்துல பெரிசா எழுதியிருக்கலாம், பதினோராவது பக்கத்துல இருந்துச்சு.

வெளிய இருந்து வர்ற பெரிய கிராண்ட் பத்தி. அமெரிக்கன் எக்ஸ்ப்ரஸ் பணம் போட்டு மெயின் ஸ்ட்ரீட் அமெரிக்கா வழியா கடைக்காரங்களுக்கே நேரா 5,000 டாலர் தர்ற திட்டம் நடத்தியிருக்காங்க. டி-மொபைல் போன் கம்பெனி 2021ல ஆரம்பிச்ச ஹோம்டவுன் கிராண்ட்ல 50,000 டாலர் வரைக்கும் தந்திருக்காங்க, ஐம்பதாயிரம் பேருக்குள்ள இருக்கற ஊருக்கு, ஆனா அது ஊர்ப் பொது வேலைக்கு. யூஎஸ்டிஏ விவசாயத் துறையோட ரூரல் பிசினஸ் டெவலப்மெண்ட் கிராண்ட் பேரைப் பாத்து நிறைய கடைக்காரங்க ஓடறாங்க, அது கடைக்கு நேரா வராது, டவுன் நிர்வாகம், லாப நோக்கில்லாத அமைப்பு மாதிரி இருக்கறவங்க தான் அப்ளை பண்ணணும். ஃபெடரல், அதாவது மத்திய அரசு, பணத்துக்கு நேரா அப்ளை பண்ணணும்னா பொதுவா ஊரோ அமைப்போ சாம் (SAM.gov)ங்கற அரசாங்கத் தளத்துல ரெஜிஸ்டர் பண்ணி நம்பர் வாங்கியிருக்கணும், அதுக்கு வாரக்கணக்குல ஆகும், கடைசித் தேதிக்கு பத்து நாள் முன்னாடி ஆரம்பிச்சு ஒரு நல்ல கிராண்டை நாங்க கோட்டை விட்டோம். அந்த ரெஜிஸ்ட்ரேஷன் இலவசம், பணம் கட்டுன்னு வர்ற ஈமெயிலை நம்பாதீங்க.

கட்டடம் சொந்தமா இருந்து பெரிய வேலை பண்றவங்க வரிச் சலுகையைப் பாருங்க. ஹிஸ்டாரிக், அதாவது வரலாற்றுச் சிறப்பு உள்ளதுன்னு சான்று கிடைச்ச, வருமானம் தர்ற கட்டடத்துக்கு தகுதியான செலவுல 20 சதவீதம் ஃபெடரல் வரில கழியும், அஞ்சு வருஷத்துல பிரிச்சு. ஆனா பொதுவா 24 மாசத்துக்குள்ள பண்ற செலவு, கட்டடத்தோட வரிக்கணக்கு மதிப்பை (சுமாரா, வாங்கின விலைல நிலத்தையும் தேய்மானத்தையும் கழிச்சது, சொத்து வரி மதிப்பு இல்ல) விட, இல்ல 5,000 டாலரை விட, இதுல எது பெரிசோ அதை விட அதிகமா இருக்கணும். எங்க முகப்பு வேலை அந்த அளவுக்கு எட்டல. தெருக்கோடி கட்டடத்து ஓனர் மாடில நாலு வீடு கட்டினாரு, அவருக்கு இது இல்லன்னா கணக்கே ஒத்து வந்திருக்காது.

குறைன்னு சொன்னா ஒண்ணு கன்சல்டன்ட். ட்ரைனிங் இருக்கறப்பவே எங்க கமிட்டி வெளிய ஒருத்தர் கிட்ட காசு குடுத்து டவுன்டவுன் ப்ளான் வாங்கினாங்க. வந்த ப்ளான்ல முப்பத்திரெண்டாம் பக்கத்துல வேற ஊரு பேரு இருந்துச்சு, அதுல இல்லாத ஆத்தங்கரைக்கு நடைபாதை வேற. எங்க ஊர்ல ஆறே கிடையாது. அந்தக் காசுல ரெண்டு கடைக்கு முகப்பு பண்ணியிருக்கலாம், எனக்கு இன்னும் மனசு ஆறல.

பெரிய குறை வேற. கிராண்ட் எல்லாம் வேலைக்குத் தான் வருது, பெஞ்சுக்கு, லைட்டுக்கு, முகப்புக்கு. அந்த அப்ளிகேஷனை எழுதற, கடைக்காரங்க வீட்டு வாசல்ல போய் நிக்கற, மூணு மாசத்துக்கு ஒருக்கா எத்தனை கடை திறந்துச்சு எத்தனை மூடுச்சு எவ்வளவு முதலீடு வந்துச்சுன்னு கணக்கு குடுக்கற மேனேஜருக்கு சம்பளம் தர்ற கிராண்ட் நான் தேடின வரைக்கும் ரொம்பக் கம்மி. அது ஊரு தான் போடணும், சிட்டியும் கடைக்காரங்களும் சேந்து. முதல் சோதனைலயே மேனேஜரைப் போட்டுத் தான் ஆரம்பிச்சாங்கன்னு சொன்னேன் பாருங்க, அதை எங்க ஊரு மறந்துடுச்சு, அரை நாள் சம்பளத்துக்கு முழு நாள் வேலை வாங்கினாங்க, போன வருஷம் அந்தப் பொண்ணு பக்கத்து கவுண்டில நல்ல வேலை கிடைச்சு போயிடுச்சு. ட்ரைனிங் எடுத்தது அவ, எந்த ஓனர் எதுக்கு மசிவாருன்னு தெரிஞ்சது அவளுக்கு, ரெண்டு அப்ளிகேஷன் பாதில நின்னுச்சு, பாஸ்வேர்டு தேடவே எங்களுக்கு ஒரு மாசம்.

அதனால உங்க ஊரு இதுல சேரணும்னு பேச்சு வந்தா கண்டிப்பா சேருங்க, ட்ரைனிங்குக்கு அஞ்சுக்கு அஞ்சு, கிராண்டுக்கு மூணு, ஆனா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி மேனேஜர் சம்பளம் மூணு வருஷத்துக்கு எங்க இருந்து வரும்னு கேளுங்க, ட்ரைனிங்குக்கு அவங்களோட இன்னும் ரெண்டு பேரையாவது அனுப்புங்க. எங்க ஊர்ல முழு நேர மேனேஜருக்கு பட்ஜெட் வர்ற செவ்வாக்கிழமை கவுன்சில்ல ஓட்டுக்கு வருது. மூணு நிமிஷம் பேச பேரு குடுத்திருக்கேன், அன்னிக்கு கடையை நாலு மணிக்கே சாத்திடுவேன், பக்கத்து கடைப் பெரியவரையும் வாங்கன்னு கேட்டிருக்கேன், இன்னும் சரின்னு சொல்லல.